கும்மிருட்டு

இரண்டு பத்துக்குக் காட்பாடிப் பக்கமிருந்து
ஒரு ரயில் ஊதும்.
வடக்குக் காற்று அடித்தால்தான் இங்கே கேட்கும்.
இது மே மாதம், காற்றே இல்லை.
ஆனாலும் எனக்குக் கேட்கிறது.

தேசிங்கு தூங்குகிறார்,
ரேஷனில் என் கார்டுக்கும் சேர்த்து
அவரே வாங்கி வந்துவிட்ட மாதிரி.
கோபமில்லை.
ஒரு மணி வரைக்கும் இல்லை.
அப்புறம் கொஞ்சம் உண்டு.

படுத்து இருபது நிமிஷத்தில் தூக்கம் வரவில்லையென்றால்
எழுந்து வேறு அறையில் போய் உட்காருங்கள்
என்றார் டாக்டர்.
வேறு அறை என்பது பாபு ராவ் தெருவில்
நாளுக்கு அறுநூறு ரூபாய்.
எங்களுக்கு இருப்பது ஒன்றரை.
அந்த அரையில் கேஸ் சிலிண்டர், மகள்,
மகளின் கெமிஸ்ட்ரி.
அதனால் மாடிப்படியில் உட்காருகிறேன்.
ஏழாவது படி. எட்டாவது உடைந்தது.

பகலில் கீழே மருந்துக்கடையில் பில் போடுகிறேன்.
தூக்க மாத்திரைக்குத் தனி ரிஜிஸ்டர்.
மால்டா, தன்பாத், அகர்தலா, வாணியம்பாடி
என்று எத்தனை ஊர்த் தூக்கத்தை
எண்ணிக் கவரில் போட்டிருப்பேன்.
எனக்கும் அரை மாத்திரை எழுதினார்கள்.
மறுநாள் ஒரு பில்லில் சைபர் கூடிப்போனது,
முதலாளி பார்த்துவிட்டார்,
விட்டுவிட்டேன்.
இப்போது ஜாதிக்காய் உரசிய பால்.
உள்ளங்காலில் விளக்கெண்ணெய்.
நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னாள் மகள்.
கழித்தால் கடைசியில் இரண்டு மிஞ்சுகிறது.
அந்த இரண்டை என்ன செய்வதென்று
அவள் சொல்லவில்லை.

மார்ச்சில்
எதிர் லாட்ஜ் மூன்றாம் மாடிக்கு ஒருவர் வந்தார்.
சம்சாரத்துக்குக் கிட்னி என்றான் ரூம்பாய் கன்னியப்பன்.
ராத்திரியெல்லாம் பால்கனியில்
காயும் துணிகளுக்கு நடுவே
இன்னொரு துணி போல நிற்பார்.
ஒருநாள் கடைக்கு வந்து
இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தடியில் வைத்துச் சாய்ந்து
"கும்" என்றார். "கும், கும்."
சீட்டில்லாமல் தர முடியாதென்று
நானும் கையாலேயே சொன்னேன்.
பிறகு, எதற்கென்று தெரியவில்லை,
என் கண்ணைத் தொட்டுக் காட்டிக்
கையை விரித்தேன்.
சிரித்துவிட்டு
ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் போனார்.

கும் என்றால் அவர்களுக்குத் தூக்கமாம்.
இங்கே அது இருட்டுக்கு முன்னால் வந்து நிற்கிற சொல்.
அப்படி ஓர் இருட்டை நான் பார்த்து வருஷக்கணக்காகிறது.
இந்தத் தெருவில் ராத்திரி என்பது
எனக்கு வாசிக்கத் தெரியாத போர்டுகளின் பச்சை,
ஆம்புலன்ஸ் திரும்பும்போது சுவரில் ஓடும் சிவப்பு,
மொட்டை மலைகள் இன்னும் விட்டுக்கொண்டிருக்கும்
பகல் வெயில்.

அதற்குப் பிறகு
அவர் மூன்றாம் மாடி, நான் ஏழாம் படி.
கையசைத்துக் கொண்டதில்லை.
ஒரே ஒருமுறை அவர் பால்கனி விளக்கை அணைத்துப் போட்டார்.
நான் செல்போன் டார்ச்சை.
அதற்குமேல் போனால் பெயர் கெட்டுவிடும்,
இந்தத் தெருவில் விழித்திருப்பது
நாங்கள் இரண்டு பேர் மட்டுமா?

சித்திரைக் கடைசியில் அந்த விளக்கு எரியவில்லை.
மறுநாளும் இல்லை.
கன்னியப்பனைக் கேட்கவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவான்.
அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது
என்று வைத்துக்கொண்டேன்.
நாலே நாளில் அந்தக் கொடியில்
வேறு யாருடைய சேலையோ காய்ந்தது.
ஒன்றரை மணிக்கு
விளக்கு எரிந்தது.

நேற்று திடீரென்று கரண்ட் போனது.
போர்டுகள், லாட்ஜ், தெருமுனை டீக்கடை
எல்லாம் ஒரே வாயில் விழுங்கப்பட்டது மாதிரி.
ஜெனரேட்டர் எழுந்திருக்க இரண்டு நிமிஷமாகும்.
மின்விசிறிகள் நின்ற சத்தத்தில்
தெருவே முழித்துக்கொண்டது.
எங்கோ குழந்தை அழுதது,
நாலு மொழியில் யார் யாரோ திட்டினார்கள்,
உள்ளேயிருந்து தேசிங்கு
"இன்னாடி, கரண்ட் பூட்ச்சா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை.
சுவரில் தலை சாய்த்திருந்தேன்.
என் கையே எனக்குத் தெரியவில்லை.
எல்லோரும் விழித்திருந்த அந்த இருட்டில்
எனக்கு ஒரு கொட்டாவி வந்தது.
ஒன்றே ஒன்று.
வாயை மூடாமல்
முழுசாக அதை விட்டேன்.