நீலப் பை

புதுவயல் ரைஸ்மில்லில் பாய்லர் பார்ப்பவன் நான்.
முள் எந்தக் கோட்டைத் தொட்டால்
ஆளை விலகச் சொல்ல வேண்டும் என்று தெரியும்.
மில் சுவரில் நாலு சிவப்பு வாளிகள்,
தீயணைக்க மணல்.
ஆய்வுக்கு ஆபீசர் வருகிற வாரம் தவிர
அதில் பீடித்துண்டும் வெற்றிலை எச்சிலும்தான்.

அந்த வாளிகளைப் பார்த்துப் பார்த்துத்தான்
வீட்டில் ஒரு பை தயார் செய்தேன்.
காரைக்குடி செக்காலை ரோட்டில் வாங்கியது.
நீலம், இரட்டை ஜிப்.
கதவுக்குப் பின்னே
இருட்டிலும் கை எட்டும் ஆணியில் மாட்டினேன்.
மில் லெட்டர்பேடில் பட்டியல் எழுதி
உள்பக்கம் ஒட்டினேன்:
டார்ச் ஒன்று, பேட்டரி நாலு,
கயிறு பத்து மீட்டர், கத்தரிக்கோல், பஞ்சு, பேண்டேஜ்,
மெழுகுவத்தி ஆறு, தீப்பெட்டி,
ரேஷன் கார்டு நகல்,
உப்புச் சர்க்கரைப் பொட்டலம், விசில்,
ஐந்நூறு ரூபாய், நூறு நூறாக.

"எந்தச் சண்டைக்குக் கிளம்புறீக?"
என்றாள் உமையாள்.

கார்த்திகை மழை.
ஊர் முழுக்கக் கரண்ட் போன ராத்திரி.
ஏழு வயசுத் தேனம்மைக்கு இழுப்பு.
நெபுலைசர் மேஜைமேல்
வாயடைத்துக் கிடந்தது.
ஓடிப்போய்ப் பையை இறக்கினேன்.

பை லேசாக இருந்தது.

டார்ச் இருந்தது, பேட்டரி இல்லை.
சுவர்க்கடிகாரம் மட்டும்
டக் டக்கென்று சரியாக ஓடியது.
கயிறு கொல்லையில் ஈரத்துணி சுமந்துகொண்டிருந்தது.
மெழுகுவத்தியில் ஒன்றுதான் மிச்சம்,
பக்கத்துவீட்டுப் பையன் பிறந்தநாளுக்குப் போனவை போக.
கத்தரிக்கோல் இல்லை.
நூறு ரூபாய்த் தாள் ஒன்றுகூட இல்லை.
விசிலும் இல்லை.
அது மகள் நெஞ்சுக்குள் போய்
ஊதிக்கொண்டிருந்தது.

"உமையா!" என்று கத்தினேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
நிலைக்கு மேலே கைவிட்டுத் தீப்பெட்டி எடுத்தாள்.
அடுப்படி டப்பாவில் இருந்து மருந்துப் பம்பு எடுத்தாள்.
அடியில் ஓட்டை வெட்டிய
அரை லிட்டர் தண்ணி பாட்டிலில் அதைச் செருகினாள்.
கத்தரிக்கோல் எங்கே போனது என்று
அப்போது தெரிந்தது.
"மெதுவா இழு தங்கம். ஒண்ணு, ரெண்டு..."

எனக்கு வேலை இல்லாமல் போய்விடுமோ என்று
மகள் முன்னே குந்தினேன்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
விலா எலும்புகளுக்கு நடுவே
தோல் குழிவதையும் எழும்புவதையும் பார்த்தேன்.
பாய்லர் முள் பார்க்கிற மாதிரி
செல்போனில் ஒரு நிமிஷம் வைத்து எண்ணினேன்.
நாற்பத்தாறு.
இன்னொரு பம்பு.
நாற்பத்தி ரெண்டு.
காத்திருந்து மறுபடி.
முப்பத்தியெட்டு.
"சொல்லிக்கிட்டே இருங்க" என்றாள் உமையாள்.
அவள் குரல் நடுங்கியது அந்த ஒரு தரம்தான்.

வாசலில் ஆட்டோ.
ஜலீலின் ஹெட்லைட்
வீட்டுக்குள் கொல்லைவரை பாய்ந்தது.
யார் கூப்பிட்டது?
"சுவத்துல பென்சில்ல நம்பர் எழுதிருக்கேன், பாக்கலையா?
ராத்திரி கூப்பிட்டா வரணும்னு
போன மாசமே முந்நூறு குடுத்தாச்சு."

காரைக்குடி ஆஸ்பத்திரியில் விடியும்போது
இருபத்தாறு.
பிள்ளை இட்லி கேட்டாள், சட்னி வேண்டாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுப்
புதிதாக எழுத உட்கார்ந்தேன்.
பேட்டரி: கடிகாரத்தில் ரெண்டு, பொம்மைக்குள் ரெண்டு.
கயிறு: கொடியில்.
கத்தரிக்கோல்: உமையாள் தையல் டப்பா.
தீப்பெட்டி: நிலைக்கு மேலே, இடது ஓரம்.
பம்பு: அடுப்படி. இன்னொன்று பள்ளிக்கூடப் பை.
பணம்: முந்நூறு ஜலீலிடம்,
இருநூறு சிலிண்டர் பாக்கிக்கு.
விசில்:

உமையாளைக் கேட்டேன்.
தெரியாது என்றாள்.
தேனம்மை ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.
அந்த வரியை மட்டும்
காலியாக விட்டிருக்கிறேன்.