மூன்று சென்ரிமீற்றர்

குளத்தடிச் சந்தியில் தொடங்கி
மதகு வரை
நூற்றிப்பத்து மீற்றர்.
அவ்வளவு தூரத்துக்கும் எனக்குக் கிடைத்த சரிவு
மூன்று சென்ரிமீற்றர்:
ஒரு நெருப்புப்பெட்டியின் அகலம்.
அதை வைத்துக்கொண்டுதான்
இந்தச் சந்தியின் மாரி முழுவதையும்
குளத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும் நான்.

கபிலதாசன் நடுறோட்டில் கோல் பிடிக்கிறான்.
மானிப்பாய் பஸ்
வைதபடி அவனைச் சுற்றிக்கொண்டு போகிறது.
கண்ணாடிக்குள் சிவப்பு எண்களைத் தேடினால்
முதலில் ஒரு ஹெல்மெற்,
பிறகு கரியரில் கட்டிய வாழைக்குலை,
பிறகு ஐஸ்கிறீம் வானின் வெள்ளை விலா.
எண் தெரிகிற கணத்தில்
காதருகே ஒரு குரல்:
"றோட்டை இன்னும் உயர்த்தப்போறியளோ?"

எல்லாக் கடையும் இதையே கேட்கிறது.
போனமுறை உயர்த்தினார்கள், அதற்கு முந்தியும்.
மரியசீலனின் சைக்கிள் கடைக்கு
முன்பு மூன்று படி ஏற வேண்டுமாம்.
இப்போது ஒரு படி இறங்குகிறோம்.
"கடை தாழேல்லைப் பிள்ளை,
நான் நிண்ட இடத்திலதான் நிக்கிறன்"
என்கிறார், ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்தி
குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டு.

திங்கள் காலை பெக்கோ வந்தது.
குருநாகலில் இருந்து வந்த பந்துல
வாளியின் பல்லால் ஓரத்தை அரிந்து காட்டினான்.
தார், சல்லி, தார், கிரவல்,
மறுபடி தார், மறுபடி சல்லி,
அடியில் சுண்ணக்கல்லின் பல் மஞ்சள்.
தேர்தலுக்கு ஒன்று வீதம்.
ஏழு படை என்று குறிப்பில் எழுதினேன்.
எழுதியதை ஒருதரம் வாசித்துவிட்டு
படையை வெட்டி
அடுக்கு என்று மாற்றினேன்.

மரியசீலனின் வாசல் கொங்கிறீட்டைத் தட்டியபோது
சத்தம் வேறு.
கீழே முருகைக்கல்லால் கட்டிய பழைய வாய்க்கால்,
என் வரைபடத்தில் இல்லாதது.
வாய் நிறைய மணலும் தயிர்க் கப்புகளும்
செத்த ரியூப்புகளும்.
அதன் அடி
நான் தேடித் திரிந்ததைவிடப்
பதினொரு சென்ரிமீற்றர் தாழ்வு.
பதினொன்று!
கபிலதாசனை இரண்டுதரம் கோலை வைக்கச் சொன்னேன்.

"எனக்கு முந்தி இருந்தவை மூடினது"
என்றார் மரியசீலன்.
காயாத சிமெந்தில் யாரோ உருட்டிப்போன
சைக்கிள் ரயரின் பூ
அவர் காலடியில் தெளிவாகக் கிடந்தது.
நான் அதைப் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
நான்கு அடி வாசல்:
காற்றடிக்கும் மெசின், இரண்டு வாங்கு,
வாடகைச் சைக்கிள் ஏழு.
பிறகு அவர் யாருக்கோ போன் எடுத்தார்.
யாரோ எனக்கு எடுத்தார்கள்.
"மிஸ், அவர் எங்கட ஆள்."
தண்ணி ஆற்ற ஆள் என்று கேட்டேன்.
மறுமுனை சிரிக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கடிதங்கள்.
பதின்மூன்றாம் நாள்
அவரே மெசினைத் தூக்கி உள்ளே வைத்தார்.
பந்துலவுக்குப் பிளேன்ரீ கொடுத்தார்.
எனக்குத் தரவில்லை.

ஐப்பசி பதினாறு, இரவு ஒன்பதரை.
மழை.
மழைக்கோட்டோடு ஸ்கூட்டியில் போனேன்,
சோதினை மறுமொழி பார்க்கப் போகிறவள்போல.
புதுக் கான் நிறைந்தது. நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.
பதினொன்றைத் தப்பாக வாசித்தேனோ?
பிறகு ஒரு பிஸ்கற் பேப்பர்
முனையைத் திருப்பி,
யோசித்து,
குளப்பக்கம் நகரத் தொடங்கியது.

ரோர்ச் லைற்றோடு நின்றார் மரியசீலன்.
கடைக்குள் தரை காய்ந்திருந்தது.
"ஓடுது" என்றார்.
அந்தக் குரலைச் சந்தோசம் என்றும் சொல்ல முடியாது.

வெளிச்சத்தை எதிர்ப்பக்கம் திருப்பினார்.
போன மாரியில் சொட்டும் ஏறாத
சலூன் வாசலில்
கணுக்கால் தண்ணீர்.
கதவடியில் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தவன்
கண் கூச எங்களைப் பார்த்தான்.

நாளைக் காலை
அங்கே கோலை வைக்க வேண்டும்.