பணகுடியில் ஒரு தட்டு

ஆனிக் காற்று அடுப்பைத் தின்றுவிடாமலிருக்க
தேர்தல் முடிந்த பலகை ஒன்றை
மறைப்பாக நிறுத்தியிருக்கிறான்.
தகரத்தில் ‘பீகிங் பாஸ்ட் புட்’.
கீழே வரைந்த டிராகனுக்கு
மாட்டுக் காது.

எடைக்கல்லுக்கு முத்திரை குத்தும் வேலை எனக்கு.
ஓசூரிலிருந்து மாற்றலாகி ஒன்பது நாள்.
பித்தளைக் கற்கள் இருக்கும் பெட்டியைக்
காலிடுக்கில் வைத்துக்கொண்டு
‘எண்ணெய் கம்மியா, காரம் ஜாஸ்தியா’ என்றேன்.

சட்டி எழும்பி விழுந்தது.
முட்டைக்கோஸ், கருகின பூண்டு,
யார் சொல்லிக்கொடுத்தார்களோ, ஒரு கொத்துக் கறிவேப்பிலை.
சோயா ஊற்றின கை
அளவு பார்க்கவேயில்லை.

பேர் கேட்டேன். பாசாங்.
காலிம்போங் பக்கம்.
வெள்ளிக்கிழமை பிறந்தவன் என்று அர்த்தமாம்.
மனசுக்குள் ஒரு ‘கு’ சேர்த்துப் பார்த்துச்
சிரித்துக்கொண்டேன்.

‘சைனாவுல இப்படித்தான் செய்வாங்களா?’
‘அத நான் எங்கவே கண்டேன்?
எனக்கு வடக்குன்னா நாங்குநேரி.’

தட்டை வைத்துவிட்டு
ஏற இறங்கப் பார்த்தான்.
‘ஒமக்கு எந்த ஊரு?
தமிழ் ஒரு மாதிரி இருக்கே.’

பக்கத்து பெஞ்சில்
காற்றாலைக்கு வேலைக்குப் போகிற இரண்டு பேர்
சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள்.
முள்கரண்டியில் சுற்றியிருந்தது
காற்றில் அவிழ்ந்து
சட்டைப் பையில், அரசாங்கப் பேனாவின் மேல்
நீளமாக விழுந்தது.

‘ஓசூர்’ என்றேன்.

‘அசலூரா!’ என்றான்,
இன்னொரு கரண்டி அள்ளி வைத்தபடி.