மூன்றாவது கம்பி

எக்ளிண்டன் தெருப் பள்ளத்தில்
டக்கென்றது பின்சில்லு.
இரண்டோடு மூன்று.
யாருக்கோ போகவேண்டிய சூப்
பைக்குள் ஆறியது.

நிலவறையில் வண்டியைக் கவிழ்த்தேன்.
மோட்டர் கனம். அச்சுக்குள்ளால் வரும் வயரை
இழுக்கப் பயம்.
எல்லாம் கழுத்தில்தான் ஒடிந்திருந்தன.
சாண் நீளப் புதுக்கம்பிகள்
மூன்றும் பதினெட்டு டொலர்.

கால் சுற்று. இன்னும் கால்.
பிளாஸ்டிக் பட்டியொன்றை அருகில் கட்டிக்
கோட்டம் பார்த்தேன்.
பிறகு ஒவ்வொன்றாய்ச் சுண்டினேன்.
புதியவை ணங்.
பழையதொன்று மட்டும்
பேச விருப்பமில்லாதது போலத்
தொப்.

மிச்சக் கம்பி இல்லை.
மேல்வீட்டு லொரெய்ன்
காலால் தளத்தை இடித்தாள். மணி பதினொன்று.
போன் ஒளிர்ந்தது:
கென்னடி ரோட், இரண்டு பிரியாணி,
நாலு டொலர் எண்பது.

அந்தக் கம்பியில் சிவப்பு நூல் கட்டினேன்,
எதுவென்று தெரிய.
பிறகு ‘சம்மதம்’ அழுத்தினேன்.