பதினெட்டு மீட்டரில் என் கையெழுத்து

ஆயர் தாவாரில் ஞாயிறு காலை ஐந்தரைக்கு
கோப்பிக்கடை மட்டும் விழித்திருக்கும்.
என் மோட்டார் கூடையில் நீட்டிக்கொண்டிருக்கும்
துடுப்புக்காலணியைப் பார்த்து
"மீன் பிடிக்கவா, மீனாகவா?" என்பார் ரொட்டி போடும் காசிம்.
செம்பனை ஆலையின் புளித்த நெடி
லூமுட் சாலையில் பாதிவழி துணைக்கு வரும்.
பிறகு உப்புக்காற்று அதைக் கழற்றிவிடும்.

வாரத்தில் ஆறு நாள் நான் உரக்கொட்டகைக் கிராணி.
தழைச்சத்து, சாம்பல்சத்து, போரான்
என்று சாக்குக்குச் சாக்கு எண் எழுதி
லோரியில் ஏற்றிக் கணக்கு மூடுகிறவள்.
ஏழாம் நாள்
முதுகில் ஒரு புட்டிக் காற்றோடு
தீவுகளின் அடியில்
அறுந்த வலை வெட்டப் போகிறவள்.
இரண்டுக்கும் ஒரே கத்தி.

அன்றைக்குக் கடல் தேத்தண்ணி நிறம்.
நோர்லைலாவின் மஞ்சள் துடுப்பைக்
கண்ணால் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.
மூச்சு அங்கே ஓசையுள்ள பொருள்.
செலவாவது முள்ளில் தெரியும்.

பவளத்தின்மேல் வலை கிடந்தது
யாரோ உதறாமல் விட்டுப்போன போர்வை மாதிரி.
உள்ளே ஒரு நண்டு.
ஒரு கொடுக்கை இழந்திருந்தது,
மற்றதால் இன்னும் வழக்காடிக்கொண்டிருந்தது.
நான் வெட்ட வெட்ட என் கையுறையைக் கிள்ளியது.
சரிதான், அதற்கு எப்படித் தெரியும்.

வலையின் கடைசி முனையில் கனம்.
மணல் நிரப்பி வாய்கட்டிய சாக்கு.
பாசியைக் கட்டைவிரலால் வழித்தேன்.
நீல மையில் நான்கு எண்கள்.
அதில் ஒரு ஏழு, குறுக்கே கோடு போட்டது.
எங்கள் தோட்டத்தில்
ஏழுக்கு இடுப்புவார் கட்டுகிறவள்
நான் ஒருத்திதான்.

என் குமிழிகள் கூட்டமாகக் கிளம்பியதைப் பார்த்து
நோர்லைலா விரலை வளைத்துக் கேட்டாள்: சரியா?
நானும் வளைத்துக் காட்டினேன்.
தண்ணீருக்கடியில் பொய் சொல்ல
இரண்டு விரல் போதும்.

ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கவேண்டும்.
மேலேறும் அவசரத்தை இரத்தம் மன்னிக்காது.
கயிற்றில் தொங்கிக்கொண்டு கணக்குப் பார்த்தேன்.
வெற்றுச்சாக்கு ஒன்று ஐம்பது காசு.
படகுக்காரர்களுக்கு விற்றது நான்.
பணம் கோயில் கூரைக்கு.

அது வெற்றுச்சாக்கு.
நிறைசாக்கு?

போன மாதம் வானம் கறுத்திருந்தும்
நாற்பது சாக்குக்குக் கையெழுத்திட்டேன்.
மாலை மழையில் வெள்ளைக் குருணை
கால்வாயில் கரைந்து ஓடியதைக்
குடைக்குள் நின்று பார்த்தேன்.
கால்வாய் ஆற்றுக்குப் போகும்.
ஆறு எங்கே போகும் என்று
மூன்றாம் வகுப்பிலேயே எழுதி
மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
கீழே பவளக் கிளைகளில் படர்ந்திருந்த பச்சை
நன்றாக உரமிட்ட பச்சை.

படகில் லிம் சாக்கைக் காட்டி
"குப்பைதானே, வீசு" என்றார்.
மணலைக் கொட்டிவிட்டு
மடியில் வைத்துக்கொண்டேன்.
லூமுட் வரை தொடை நனைந்துகொண்டே இருந்தது.

திங்கள் காலை பதிவேட்டில் எழுதினேன்:
0472. வரவு ஒன்று.
'எங்கிருந்து' என்ற கட்டத்தில் பேனா சற்று நின்றது.
கடல்.

பத்து மணிக்கு மேலாளர் வேதநாயகம் லோரி கேட்டார்.
நான் வானத்தைக் காட்டினேன்.
"எழுத்தில் கொடு" என்றார்.
கொடுத்தேன், ஏழுக்குக் கோடு போட்டுத் தேதியுடன்:
மழை வரும், இன்று உரம் இல்லை.

மழை வரவில்லை.
பகல் முழுக்கக் கொளுத்தும் வெயில்.
லோரி சும்மா நின்றது,
ஓட்டுநர் முதல் கூட்டுகிறவர் வரை
என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சாக்கு மட்டும்
கொடியில் நன்றாகக் காய்ந்தது.