அரை மில்லிமீட்டர்

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு ஒரே வேலை.
ஹச்சினோஹே, ரயிலடிக்கு எதிர்க் கடை, இரண்டாம் மாடி.
ஒரே கம்பெனி, ஒரே அளவு, இரண்டு தொலைக்காட்சி.
இடப்பக்கம் சிவப்பு உறைக்காரன், எச்.டி. டி.வி.டி.
வலப்பக்கம் நீல உறைக்காரன், புளூ-ரே.
இரண்டிலும் ஒரே படம் ஓடும்.
நடுவில் நான், கைக்கொரு ரிமோட்,
கழுத்தில் அட்டை: இஷிகயா, விளக்க உதவியாளர்.

விளக்கினேன்.
இரண்டையும் படிப்பது ஒரே ஊதா ஒளி என்றேன்.
எழுத்து புதைந்திருக்கும் ஆழம்தான் வேறு:
சிவப்பில் பாயிண்ட் ஆறு மில்லிமீட்டர்,
நீலத்தில் பாயிண்ட் ஒன்று, தோலுக்கு அடியிலேயே.
அடுக்குக்கு இதில் பதினைந்து ஜிகாபைட், அதில் இருபத்தைந்து.
இது பழைய ஆலையிலேயே அச்சாகும்,
அதற்குப் புது எந்திரம் வேண்டும்,
கீறல் தாங்க மேலே ஒரு பூச்சும்.
"அதெல்லாம் சரி, எது நல்லது?"
எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி என்று
கடையில் சம்பளம் வாங்குகிறவள் சொல்லக் கூடாது.
மேலாளர் ததெனுமா ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தார்:
"உங்கள் கண்ணே நீதிபதி."

நீதிபதிகள் வந்தார்கள்.
ஒரு பல் மருத்துவர் மூக்குத் திரையில் உரச நின்று
நடிகையின் கன்னத்து மயிர்க்கால்களை எண்ணினார்.
கல்லூரிப் பையன்கள் இரண்டு கட்சியாகி
கறுப்பின் கறுமைக்காக மல்லுக்கு நின்றார்கள்.
ஒருநாள் காலை கேபிளை மாற்றிச் செருகிவிட்டேன்.
மாலை வரை எவருக்கும் தெரியவில்லை.
நீலக் கட்சி சிவப்பை வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனது.
ததெனுமாவிடம் இதுவரை சொல்லவில்லை.

ஜனவரியில் சகுராபா வந்தார்,
நகராட்சிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்,
இரவெல்லாம் விழித்த கண்.
பனி பெய்யும் காட்சி இருக்கிறதா என்றார்.
இரண்டு திரையிலும் பெய்யவிட்டேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"பனி இல்லை இது, பஞ்சு. ரெண்டுலயும்."
விலை குறைந்ததை எடுத்துக்கொண்டார். சிவப்பு.

பிப்ரவரி பத்தொன்பது.
தோஷிபா கையை விரித்த செய்தி
மாடியின் நாற்பது திரைகளிலும் ஓடியது.
அன்றைக்குத்தான் எல்லாம் ஒரே தெளிவு.
மறுநாள் இடப்பக்கத்தில் சலவை எந்திர விளம்பரம்.
சிவப்பு உறைகள் படிக்கட்டடியில், அள்ளு விலைக்கு.
ஒரு ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
பழக்கதோஷத்தில் இடக்கை
இன்னும் எதையோ பிடித்தபடி இருந்தது.

அடுத்த வாரம் சகுராபா.
மன்னிப்பு வாக்கியத்தை நாக்கில் வைத்துக் குனிந்தேன்.
"எவ்வளவில் தோற்றது?" என்றார்.
படத்தில் இல்லை, ஐயா.
ஸ்டுடியோக்கள் பக்கம் மாறின, பெரிய கடைகள் மாறின,
விளையாட்டுப் பெட்டிக்குள் ஒளிந்து நீலம் வீடு புகுந்தது...
கையை உயர்த்தினார். "அளவு சொல்லும்மா."
வேறு எண் என்னிடம் இல்லை.
"அரை மில்லிமீட்டர்."

"என் வண்டிக்கு முன்னாலயும் ஒரு தகடுதான்.
ஒரு விரல் தாழ்ந்தா சாக்கடை மூடில இடிக்கும்.
ஒரு விரல் ஒசந்தா விடியக்காலம் யாராவது வழுக்குவாங்க.
அரை மில்லில யார் விழுந்தா?"

நாற்பத்தேழு பேர் என்றேன், எங்கள் கடையில் மட்டும்.
ரசீது இருக்கிறது.

அவர் சிரித்தாரா, தும்மினாரா தெரியவில்லை.
படிக்கட்டடியில் உட்கார்ந்து பதினொரு படம் பொறுக்கினார்,
பெயர்கூடப் பார்க்காமல், கீறல் மட்டும் பார்த்து.
கூடவே இன்னொரு பிளேயர், உதிரிக்கு.
"இதுல இனி புதுசு வராதில்ல?"
வராது.
"நல்லது. அடுத்த வருஷம் மாத்தச் சொல்ல மாட்டீங்க."

பெட்டியைக் கல்லா வரை நான்தான் சுமந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே உண்மையான பனி,
பஞ்சைப் போலவே.
கல்லாக்காரி பட்டைக்குறியின் மேல் கருவியை நீட்டினாள்.
சிவப்பு ஒளி,
முதல் தடவையிலேயே
பிசிறில்லாமல் படித்தது.