பாதி வழி வந்த நாய்

ஓட்டோக்காரர் நாய்க்கும் காசு கேட்டார்.
"சீற்றில இருந்தா சீற்றுக் காசு."
சீமாட்டியை மடியில் தூக்கி வைத்தேன்.
வின்சியின் ரொக்கெட்
கால்மாட்டில் நடுங்கிக்கொண்டே வந்தது.
சம்பூர்ச் சந்தியில் இறங்கும்போது
விடிந்தும் விடியாத நேரம்.
எங்கோ ஒரு பாண் வண்டியின் பாட்டு.

அங்கேதான் மூன்றாவது சேர்ந்தது.
யாரும் கூப்பிடவில்லை.
வின்சி கடித்து மிச்சம் வைத்த மீன்பணிஸைக்
கையிலிருந்தே எடுத்துக்கொண்டு
முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டது.
பணிஸ் என்று பெயர் வைத்தோம்.

காடு இங்கே கடலுக்குச் சும்மா இடம் விடுவதில்லை.
பாலையும் வீரையும் மணல்மட்டும் இறங்கி வந்து
அலை அரித்த வேர்களோடு நிற்கின்றன.
ஒரு பக்கம் உப்பு, மறுபக்கம் சூரை முள்,
நடுவில் ஒரு நாய் போகும் அகலம்.
யானை லத்தியைக் கண்டால் ரொக்கெட்
என் கால்களுக்கிடையில் பூந்துகொள்ளும்.
சீமாட்டி மணந்து பார்த்து
பழசு என்று முடிவுசெய்து
மேலே நடப்பாள்.
பத்து வயது. இடுப்பு சரியில்லை.
அடம்பன் கொடி கிடக்கும் இடங்களில் மட்டும்
காலைத் தூக்கித் தூக்கி வைப்பாள்,
சேலை கட்டிய அதிபர் சேற்றில் போவதுபோல.

பத்தரைக்கு ஒரு பாறை. புட்டுப் பொதி.
முட்டைப்பொரியலை ஐந்தாகப் பிய்த்தோம்.
வின்சி விசாக் கதையைத் தொடங்கினாள்,
ஏஜென்சிக்காரன், கட்டின காசு,
ரொக்கெட்டை யார் பார்ப்பது.
எதிர்க்கரையில் கோணேசர் மலை, நகமளவு.
நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்று சொல்ல வாயெடுத்தேன்,
புட்டு விக்கியது.

பிறகு கம்பி.
பழைய மரங்களுக்கு நடுவே புதுக் கம்பி.
கடற்படைப் பையன் துவக்கோடு எழும்பினான்,
எங்களைப் பார்த்தல்ல.
"மல்லீ!"
பணிஸ் கம்பிக்குக் கீழே
முன்னமே பறித்து வைத்திருந்த குழியால்
வழுக்கிப் போனது, உடம்பெல்லாம் வாலாக.
அவனுக்கு மல்லி என்றால் தம்பி.
எங்களுக்கு ரசத்தில் போடுவது.

அதற்கப்பால் போகேலாது என்று
கையால் சொன்னான், கொஞ்சம் வெட்கப்பட்டு.
வெளிச்சவீடு அந்தப் பக்கம் என்பதையும்
அதே கையால்.
போத்தலில் தண்ணீர் நிரப்பித் தந்தான்.
ரொக்கெட் மட்டும் குழியால் உள்ளே போய்
கொடிக்கம்பத்தில் காலைத் தூக்கிவிட்டு வந்தது.
அதுபற்றி ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

திரும்பும்போது பணிஸும் வந்தது,
அந்த நாவல் மரம் மட்டும்.
அங்கே குந்திவிட்டது.
கூப்பிட்டேன். வால் ஆடியது, கால் அசையவில்லை.
"மல்லி" என்று வின்சி கூப்பிட்டுப் பார்த்தாள்.
அதற்கும் அதே வால்.
சந்தியில் அதற்கு இன்னொரு பெயர் இருக்கலாம்,
பின்னேரங்களில் அது செல்லாதாக்கும்.

இரவு, உப்புவெளியில்,
பின்வளவு லைற்றின் கீழ் மண்ணெண்ணெய்ச் சிரட்டை.
சீமாட்டியில் பதினேழு உண்ணி,
ரொக்கெட்டில் ஒன்பது,
என் முழங்காலுக்குப் பின்னால் ஒன்று.
"அசையாத" என்றாள் வின்சி,
நாய்களுக்குச் சொன்ன அதே குரலில்.
"ரொக்கெட்டை நான் பாக்கிறன்" என்றேன்.
அவள் சீமாட்டியின் காதை மடித்து
பதினெட்டாவதைத் தேடிக்கொண்டிருந்தாள்.